உறவு என்று ஒரு கட்டம்

பிப்ரவரி 6

அண்ணனுக்கும் அண்ணிக்கும் வணக்கம்.

இங்கே நானும் என் மனைவியும் நன்றாக இருக்கிறோம். அங்கே நலமா என்று கேட்கும் வேலை எனக்கு இல்லை. நலம் இல்லை என்று அண்ணி போனிலேயே சொல்லிவிட்டார்கள். ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி உங்கள் குரல்வளையை எடுக்கப்போகிறார்கள் என்றும், பிறகு கழுத்தில் ஒரு கருவியை வைத்து அழுத்தித்தான் பேச முடியும் என்றும், அது உங்கள் குரலாக இருக்காது என்றும் சொன்னார்கள். இப்போதே பாதி நாள் காற்றுதான் வருகிறதாம். காலையில் எழுந்ததும் பத்து நிமிஷம் மட்டும் பழைய குரல் வந்துவிட்டுப் போகிறதாம். அந்தப் பத்து நிமிஷத்தைப் போனில் செலவழிக்க வேண்டாம். நான் நேரில் வந்து கேட்டுக்கொள்கிறேன்.

ஆமாம், வருகிறேன். படித்ததும் நீங்கள் புருவத்தைத் தூக்குவீர்கள் என்று தெரியும். பதினொரு வருஷமாக நாம் 'எப்படி இருக்கீங்க, இருக்கேன்' என்பதோடு நிறுத்திக்கொண்டவர்கள். அதற்குக் காரணம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை இங்கே எழுதப்போவதில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் உங்களைப் பார்த்தாக வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

விஷயம் அவ்வளவுதான் என்று நான் நினைத்தேன். விசா கொடுப்பவர்கள் அப்படி நினைக்கவில்லை. சொந்த நாட்டிலிருந்து கிளம்புகிறவனுக்கு அவர்களிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. என்னைப் போல ஒரு நாட்டின் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு, இன்னொரு நாட்டில் பதினாறு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, மூன்றாவது நாட்டுக்குப் போகிறேன் என்பவனுக்கு அதே பட்டியல், அதற்கு ஒரு வால், அந்த வாலுக்கும் ஒரு வால்.

முதலில் எங்கே விண்ணப்பிப்பது என்றே யாருக்கும் தெரியவில்லை. இங்கே இருக்கும் விசா மையத்துக்குப் போன் செய்தேன். 'உங்க பாஸ்போர்ட் அந்த நாட்டுதுதானே, அங்கேயே போடுங்களேன்' என்றாள் ஒருத்தி. அங்கே போன் செய்தேன். 'நீங்க இருக்கறது அங்கதானே, அங்கேயே போடுங்க' என்றான் ஒருவன். ஆட்டைத் தூக்கி மாட்டில் போட்டு, மாட்டைத் தூக்கி ஆட்டில் போடும் வேலைக்கு இரண்டு நாட்டில் ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள். கடைசியில், இங்கே தங்குவதற்கு எனக்குக் கொடுத்த கார்டு செல்லுபடியாக இருந்தால் இங்கேயே போடலாம் என்று தெரிந்தது. சும்மா செல்லுபடியானால் போதாது. நான் உங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த பிறகும் மூன்று மாதம் அதில் மிச்சம் இருக்க வேண்டும். என் கார்டு ஜூலை கடைசி வரை. புதுப்பிக்கக் கொடுத்தால் இரண்டு மாதம் அவர்கள் மேசையில் தூங்கும், அதுவரை நான் எங்கும் நகர முடியாது. ஆகவே ஏப்ரல் முடிவதற்குள் போய் வந்துவிட வேண்டும். அந்த மட்டில் உங்கள் டாக்டர் நல்ல தேதியாகத்தான் குறித்திருக்கிறார்.

பிறகு, சொந்த நாட்டில் ஏன் விண்ணப்பிக்கவில்லை என்பதற்கு ஒரு விளக்கக் கடிதம். 'நான் அங்கே இல்லை' என்று ஒரு வரி எழுதினேன். விளக்கம் போதாதாம். இல்லாதவன் ஏன் இல்லை என்பதை ஒரு பக்கத்துக்கு எழுத வேண்டுமாம். எழுதினேன். நிரந்தர முகவரி என்று ஒரு இடம். வருஷா வருஷம் வீட்டுக்காரர் ஒப்பந்தத்தை நீட்டுவாரா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனிடம் நிரந்தரம் எங்கே என்று கேட்டால் எதைக் காட்டுவது? அதையும் என்னவோ எழுதினேன். புகைப்படத்தில் இரண்டு காதும் தெரிய வேண்டுமாம். என் காதுகளுக்கு ஐம்பத்திரண்டு வயதில் இப்படி ஒரு மவுசு வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

அடுத்தது, நான் கட்டாயம் இங்கே திரும்பி வருவேன் என்று கம்பெனி எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் மேனேஜரை உங்களுக்குத் தெரியாது. லிஃப்டு பழுது பார்க்கும் கம்பெனிக்கு மேனேஜர், ஆனால் லிஃப்டில் ஏறப் பயம், மூன்று மாடியும் மூச்சு வாங்க நடந்தே வருவார். அவரும் என்னைப் போல வேறு நாட்டுக்காரர்தான். அவர் கார்டு என் கார்டுக்கு முன்னாலேயே, மே மாதம் முடிகிறது. அவர் இருப்பாரா மாட்டாரா என்பதே அவருக்குத் தெரியாது, அவர்தான் நான் திரும்பி வருவேன் என்று முத்திரை குத்தித் தருகிறார். வேலிக்கு ஓணான் சாட்சி. ஆனால் அந்த முத்திரைக்கு அவர் என்னை ஒன்பது நாள் நடக்கவிட்டார்.

இத்தனையையும் எனக்கு வரிசைப்படுத்திக் கொடுப்பவன் எங்கள் தெருக்கோடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு ஆள். தமிழ்தான். பேச்சுக்குப் பேச்சு எதையாவது குத்திக்கொண்டே இருப்பதால் இங்கே எல்லோரும் அவனை ஸ்டேப்ளர் என்றே கூப்பிடுவார்கள். 'கவலையே படாதீங்க, எத்தனை பேரை அனுப்பியிருக்கேன்' என்பான். எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றுவான்.

இந்த உறைக்குள் அவன் தயாரித்த அழைப்புக் கடிதம் இருக்கிறது. அழைப்பவர் நீங்கள். உங்கள் பெயர், முகவரி, பாஸ்போர்ட் எண் எல்லாம் அண்ணி சொன்னபடி அடித்திருக்கிறான். உறவு என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறோம். என்ன போட என்று அவன் கேட்டான். அண்ணன் எழுதிக்கொள்வார் என்று சொல்லிவிட்டேன். நீங்களே கையால் நிரப்பி, மையில் கையெழுத்துப் போட்டு, உங்கள் பிறப்புச் சான்றிதழின் நகலையும் வைத்துக் கூரியரில் அனுப்புங்கள். போனில் படம் எடுத்து அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். விமானம் கண்டுபிடித்த செய்தி மட்டும்தான் அந்த ஆபீசுக்கு வந்து சேர்ந்திருக்கிறது, மற்றதெல்லாம் இன்னும் வழியில் இருக்கிறது.

உங்கள் பாஸ்போர்ட்டுக்கு இங்கே வர விசாவே வேண்டாம் என்று ஸ்டேப்ளர் சொன்னான். அன்றைக்கு நீங்கள் ஒரே நாளில் வந்து நின்றது ஞாபகம் வந்தது. சரி, அது போகட்டும்.

காரம் தொடாதீர்கள். தொட்டால் அண்ணி என்னிடம் சொல்வார்கள்.

இப்படிக்கு,
நீங்கள் வைத்த பேரைக் காப்பாற்றும்
சண்டி


பிப்ரவரி 27

அண்ணனுக்கு வணக்கம்.

கடிதம் வந்தது. பிரித்துப் பார்த்தேன், ஸ்டேப்ளர் அதைப் பிடுங்கி மற்றவற்றோடு சேர்த்துக் குத்திவிட்டான். நேற்று காலை கொண்டுபோய்க் கொடுத்தாகிவிட்டது. பத்து வேலை நாளில் முடிவு சொல்வார்களாம். இனி அவர்கள் பாடு.

நேற்றைய கூத்தை உங்களுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது? என் மனைவியிடம் சொன்னேன், 'உங்க வாய்க்கு உள்ள விட்டதே பெருசு' என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

விசா மையம் இருக்கும் கட்டடத்தை எனக்கு ஆறு வருஷமாகத் தெரியும். அங்கே இருக்கும் இரண்டு லிஃப்டும் எங்கள் கம்பெனிப் பராமரிப்புதான். இடது பக்க லிஃப்டு நாலாவது மாடியில் இரண்டு விரல் தாழ்வாகத்தான் நிற்கும். அதைச் சரி செய்ய நான் எத்தனை தடவை அதன் அடியில் மல்லாந்து படுத்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. நேற்று சலவைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, கையில் ஃபைலுடன் போய் நின்றேன். வாசலில் இருக்கும் காவலாளி, வழக்கமாக எனக்குச் சலாம் போடுகிறவன், என் கையில் இருந்த டோக்கனைப் பார்த்தான். 'விண்ணப்பம் போட வர்றவங்க படியில போகணும். லிஃப்டு ஸ்டாஃபுக்கு மட்டும்' என்றான். போன மாதம் இந்த லிஃப்டுக்கு ரோப் மாற்றியவன் நான்தானே என்றேன். 'அன்னிக்கு நீங்க யூனிஃபார்ம்ல வந்தீங்க' என்றான். அவன் சொன்னதிலும் தப்பு இல்லை. நாலு மாடி ஏறினேன். எங்கள் மேனேஜரின் கஷ்டம் கொஞ்சம் புரிந்தது.

உள்ளே அறுபது நாற்காலி, நூறு பேர். இந்த நாட்டுக்காரர்களுக்கு மூன்று கவுண்ட்டர், எங்களைப் போன்ற வெளிநாட்டுக் குடியிருப்பாளர்களுக்கு ஒரே ஒரு கவுண்ட்டர், அதிலும் பாதி நேரம் ஆள் இல்லை. என் பக்கத்தில் ஒரு தையல்காரர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இது மூன்றாவது முறை. முதல் முறை கார்டில் இருபது நாள் குறைகிறது என்று திருப்பி அனுப்பினார்களாம். இரண்டாம் முறை புகைப்படத்தில் சிரித்திருந்தாராம். இந்தத் தடவை சிரிக்கவில்லை என்று படத்தைக் காட்டினார். பார்க்கச் சகிக்கவில்லை.

என்னை அழைத்தவள் பெரிய கண்ணாடி போட்ட ஒரு பெண். இருபத்தைந்து வயது இருக்கும். பயணத்தின் நோக்கம் சுற்றுலா என்று போட்டிருக்கிறதே, அழைப்புக் கடிதமும் இருக்கிறதே, எது சரி என்றாள். அண்ணனைப் பார்க்கத்தான் போகிறேன் என்றேன். அப்படியென்றால் சுற்றுலா இல்லையா என்றாள். குடும்பச் சந்திப்பு என்று தனி வகை இங்கே கிடையாது, சுற்றுலாவுக்குள்தான் அதுவும் வரும் என்று உங்கள் தாளிலேயே எழுதியிருக்கிறதே என்றேன். அவள் படித்துப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றாள். அப்படியானால் நாள்வாரிப் பயணத் திட்டம் வேண்டும் என்றாள். அதை ஸ்டேப்ளர் ஏற்கெனவே அடித்து வைத்திருந்தான். முதல் நாள் அருங்காட்சியகம். இரண்டாம் நாள் ஏரியில் படகு. மூன்றாம் நாள் பழைய கோட்டை. நான்காம் நாள் மீண்டும் அருங்காட்சியகம், இன்னொரு அருங்காட்சியகம் போலிருக்கிறது. என் உண்மையான திட்டத்தைக் கேட்டிருந்தால் முதல் நாள் உங்கள் வீட்டுச் சோபா, இரண்டாம் நாளும் அதே சோபா, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி என்றுதான் சொல்லியிருப்பேன். அதைச் சொன்னால் விசா கிடைக்காது. பொய் சொன்னால் கிடைக்கும். இதற்குப் பெயர் சரிபார்ப்பு.

இங்கே திரும்பி வர என்ன கட்டாயம் என்று கடைசியாகக் கேட்டாள். மனைவி இருக்கிறாள் என்றேன். மனைவி கூடவே வந்துவிடலாமே என்றாள். அவளுக்கு விசா போடவில்லையே என்றேன். வேலை இருக்கிறது என்றேன். வேலை எங்கேயும் கிடைக்குமே என்றாள். என் நாக்கு நுனி வரை ஒன்று வந்தது. உன் லிஃப்டை யார் பார்ப்பார்கள் என்று கேட்க நினைத்தேன். அப்போதுதான் அவள் கழுத்தில் தொங்கிய நாடாவைப் பார்த்தேன். என் கார்டின் அதே பச்சை நிறம். அவளும் இந்த நாட்டுக்காரி இல்லை. அவளுக்கும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை யாராவது முத்திரை குத்த வேண்டும். வாயை மூடிக்கொண்டேன். அவளும் மேலே கேட்காமல் ஃபைலை வாங்கிக்கொண்டாள்.

காலையில் அந்தப் பத்து நிமிஷக் குரல் எட்டு நிமிஷமாகிவிட்டது என்று அண்ணி எழுதியிருந்தார்கள். எட்டு போதும். நான் வரும்வரை அதற்கு மேல் குறைய விடாதீர்கள்.

இப்படிக்கு,
சண்டி


மார்ச் 14

அண்ணனுக்கு,

நிராகரித்துவிட்டார்கள்.

முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நிராகரிப்புக் கடிதத்தில் நாலே வரி. விண்ணப்பதாரர் அழைப்பாளரின் உடன்பிறந்தவர் என்று கூறப்பட்டிருக்கிறது, ஆனால் சமர்ப்பித்த பிறப்புச் சான்றிதழ்களின்படி இருவருக்கும் தாயும் வேறு, தந்தையும் வேறு, எனவே தகவல் உண்மைக்குப் புறம்பானது. ஸ்டேப்ளர் நெற்றியில் அடித்துக்கொண்டு உங்கள் கடிதத்தின் நகலை எடுத்துக் காட்டினான். அந்தக் கட்டத்தில் நீங்கள் எழுதியிருந்ததை அப்போதுதான் நான் முழுதாகப் படித்தேன். ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த சொந்தத் தம்பி என்று, கட்டம் போதாமல் ஓரத்தில் எல்லாம் நெருக்கி எழுதியிருக்கிறீர்கள்.

அண்ணா, வெறும் தம்பி என்று எழுதியிருந்தால்கூட நம் வழக்கத்தில் அப்படித்தான் சொல்வோம் என்று எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். நீங்கள் பெரியப்பா மகன், நான் உங்கள் சித்தப்பா மகன். நமக்குள் அது ஒரு பேச்சே இல்லை. பெரியம்மா போன பிறகு நாலு வயதில் எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவை அம்மா என்று கூப்பிட்டு, ஒரே பாயில் படுத்து, என் மேல் கால் போட்டுத் தூங்கி வளர்ந்தவர் நீங்கள். ஆனால் இதையெல்லாம் அவர்களுக்கு எந்த மொழியில் சொல்வது? பெரியப்பா மகன், சித்தி மகன், மாமா மகன், அத்தை மகன் எல்லோரையும் ஒரே மூட்டையில் போட்டுக் கட்டி, அதற்கு 'கஸின்' என்று சீட்டு ஒட்டி வைத்திருக்கும் கூட்டம் அது. கட்டிக்கொள்ளக் கூடியவன் யார், கூடப் பிறந்தவனைப் போன்றவன் யார் என்றுகூடப் பிரிக்கத் தெரியாத மொழியை வைத்துக்கொண்டு நம் உறவைச் சரிபார்க்க வந்துவிட்டார்கள். கேட்டால் துல்லியமாம்.

சரி, திட்டி ஆகப்போவது ஒன்றும் இல்லை. நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆக வேண்டும். இதை அவர்கள் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை, திருத்திய கடிதத்தோடு மறுபடியும் போடலாம் என்று அந்தக் கண்ணாடிக்காரப் பெண்ணே ஸ்டேப்ளரிடம் சொன்னாளாம். இந்த உறையில் புதிய கடிதம் வைத்திருக்கிறேன். கட்டத்தில் கஸின் என்று அடித்தே விட்டோம். அதற்குக் கீழே, விண்ணப்பதாரர் என் உடன்பிறந்த சகோதரர் அல்ல, முந்தைய கடிதத்தில் எழுதியது தவறு என்று ஒரு வரி. நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். இரண்டு நிமிஷ வேலை. போட்டு உடனே அனுப்பிவிடுங்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் உங்களோடு இருக்கிறேன் என்று அண்ணியிடம் சொல்லுங்கள். மேனேஜரிடம் லீவுக்குச் சொல்லிவிட்டேன்.

சண்டி


மார்ச் 24

அண்ணனுக்கு,

கூரியர் வந்தது. அதில் கடிதம் இல்லை. கையெழுத்துப் போடாத என் தாளே திரும்பி வந்திருக்கிறது. அதன் பின்பக்கம் உங்கள் கையால் இரண்டு வரி. 'இப்படி எழுத எனக்குக் கை வரல. இதை நீ ஒரு தடவை சொல்லிட்ட, அது போதும்.'

திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு வேலைக்குக் கிளம்பிப் போய், ஒரு கட்டடத்தின் உச்சியில், லிஃப்டின் மோட்டார் அறையில் தனியாக உட்கார்ந்து மறுபடியும் படித்தேன். அந்தக் கட்டத்தில் நீங்கள் ஏன் அப்படி நெருக்கி எழுதினீர்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு வாயில் இருக்கும் வேகம் மண்டையில் கிடையாது. நீங்கள் தெரியாமல் எழுதிவிட்டீர்கள் என்று நினைத்து, இரண்டு நிமிஷ வேலை என்று எழுதியிருக்கிறேன். நீங்கள் விசா அதிகாரிக்கு எழுதவில்லை, எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

காரணத்தை எழுதப்போவதில்லை என்று முதல் கடிதத்தில் சொன்னேன். எழுதிவிடுகிறேன்.

அன்று இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் கொண்டுவந்த தாளிலும் உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. அம்மாவின் ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து. நீங்கள் விமான நிலையத்திலிருந்து நேராக வந்திருந்தீர்கள், பெட்டி காலடியில் இருந்தது. மகன் யார் என்று நர்ஸ் கேட்டாள். நீங்கள் பேனாவை வாங்கி எழுத ஆரம்பித்தீர்கள். நான் அதை உங்கள் விரலிலிருந்து பிடுங்கினேன். 'இவரு பெரியப்பா பையன்தான். பெத்த பிள்ளை நான். என்கிட்ட கேளுங்க' என்றேன். நர்ஸ், வார்டு ஆள், என் மனைவி, எல்லோர் முன்னாலும் சொன்னேன். நீங்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தீர்கள்.

இரண்டு நாள் தூக்கமில்லை, பயம், கோபம் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே வக்கீலாக நின்று வாதாடியிருக்கிறேன். உண்மை அது இல்லை. மூன்று வருஷம் அம்மாவைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, மருந்து கொடுத்தது நாங்கள். என்னைப் பார்த்து ஒரு நாளும் மலராத முகம், நீங்கள் கதவைத் திறந்துகொண்டு வந்ததும் மலர்ந்தது. அது எனக்குப் பொறுக்கவில்லை. வயிற்றெரிச்சல், வேறொன்றும் இல்லை.

மூன்று கடிதமாக ஊரில் இருப்பவர்களை எல்லாம் கிழித்துத் தோரணம் கட்டினேன். மேனேஜர், காவலாளி, ஸ்டேப்ளர், அந்தக் கண்ணாடிக்காரப் பெண், யாரையும் விடவில்லை. நீ இவருக்கு என்ன உறவு, நிரூபி என்று அந்தப் பெண் கேட்டது சம்பளத்துக்கு. நான் அதைச் சும்மாவே கேட்டவன். அவர்கள் எல்லோரையும்விட நான்தான் கேவலம். இதை உங்களுக்கு முன்னால் ஒத்துக்கொள்ள எனக்குப் பதினொரு வருஷமும் ஒரு நிராகரிப்புக் கடிதமும் தேவைப்பட்டிருக்கிறது.

உங்களுக்குத் தெரியாதது இன்னொன்று இருக்கிறது. இதை நேரில் சொல்லத்தான் வர நினைத்தேன். நேரில் வரவே முடியாமல் போகலாம் என்பதால் இப்போதே எழுதுகிறேன். அம்மாவைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோகும்போது கண்ணைத் திறந்து, 'பெரியவன் எங்கடா' என்று கேட்டாள். நீங்கள் பதினைந்து அடி தூரத்தில், கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள். டீ குடிக்கப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்று நான் சொன்னேன். 'வந்ததும் உள்ள அனுப்பு' என்றாள். நான் அனுப்பவில்லை. அதற்குப் பிறகு அவள் கண் திறக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அவள் கடைசியாகக் கேட்டது உங்களைத்தான் என்பது தெரியாது. அம்மாவுக்கு எந்தக் கட்டத்திலும் சந்தேகம் இருந்ததில்லை, அண்ணா. நீங்கள் பெரியவன், நான் சின்னவன், அவ்வளவுதான் அவளுடைய கணக்கு.

இதைப் படித்த பிறகு என் முகத்தில் விழிக்க உங்களுக்கு விருப்பம் இல்லையென்றால் அது நியாயம். இந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். ஆனால் திட்ட வேண்டும் என்று தோன்றினால், அதை அந்தக் கழுத்துக் கருவிக்காக மிச்சம் வைக்காதீர்கள். யாரோ ஒருவர் குரலில் உங்களிடம் திட்டு வாங்க எனக்கு விருப்பமில்லை. சின்ன வயதில் தெருக்கோடி வரை கேட்கும்படி 'டேய் சண்டி' என்று கத்துவீர்களே, அந்தக் குரலில் ஒரு நாள் காலை எட்டு நிமிஷமும் திட்டுங்கள். சோபாவில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள்கிறேன். வாயைத் திறக்க மாட்டேன் என்று நான் சொன்னால் என் மனைவி நம்ப மாட்டாள், நீங்கள் நம்புங்கள்.

அதற்கு எனக்கு விசா வேண்டும். விசாவுக்கு அந்த வரி வேண்டும். இந்த உறையில் மறுபடியும் அதே தாளை வைத்திருக்கிறேன். இவன் என் உடன்பிறந்தவன் இல்லை என்று எழுதியிருக்கிறது. நான் சொன்னபோது அது பொய். நீங்கள் கையெழுத்துப் போட்டாலும் அது பொய்தான். அம்மா இருந்தால் இரண்டு பேரையும் அறைந்திருப்பாள். ஆனாலும் போடுங்கள், அண்ணா. இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதிக்குள் தாள் எனக்குக் கிடைத்தால், ஒன்றாம் தேதி காலையிலேயே கொடுத்துவிடுவேன். பத்து வேலை நாள் போனாலும் ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு வாரம் மிச்சம் இருக்கும். ஒரு நாள் தவறினாலும் அந்த வாரம் கரைய ஆரம்பித்துவிடும்.

கை வரவில்லை என்றால் அண்ணியைக் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். படிக்க வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள். நான் உங்களுக்கு யாரும் இல்லை என்று ஒரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, என்னை உங்களிடம் வரவிடுங்கள்.

உங்கள் தொண்டையும் உடம்பும் தேற வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்ளும்,

உங்கள் தம்பி